ஒற்றைப்படைக் கணக்கும் மூன்று சொற்களும்

செனாவாங் சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்தும் நான் காரை நகர்த்தவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். இருபது வருடமாக ஒரே தொழிற்சாலைக்கு ஒரே வழியில் போகிறவள் நான். அன்று இடது பக்கம் திரும்புவதா வலது பக்கமா என்று தெரியவில்லை. கடைசியில் எங்கள் தொழிற்சாலை பஸ் ஒன்று வர, அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன்.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி வருடத்தில், சோறு ஊட்டப் போன என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ளம்மா?" என்று கேட்டார். அதே கேள்வியை நான் என் மகளிடம் கேட்கும் நாள் வந்துவிடுமோ என்று பயந்தேன். என் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டேன். ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தது. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால், எத்தனை எண்களைக் கூட்டினோமோ அதை அதனாலேயே பெருக்கிய விடை வரும். ஒன்றும் மூன்றும் நான்கு. இரண்டு எண்கள், ஈரிரண்டு நான்கு. ஐந்தைச் சேர்த்தால் ஒன்பது; மூன்று எண்கள், மும்மூன்று ஒன்பது. பிசகினால் உடனே தெரிந்துவிடும், யாரிடமும் காட்டித் திருத்த வேண்டியதில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். தினமும் காலையில் ஓர் எண்ணுக்கு ஒரு விரலாக மடக்கிக் கூட்டுவேன். பத்து விரலுக்கு நூறு வந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒரு நாள் தொண்ணூற்றெட்டு வந்தது. மறுபடியும் கூட்டினேன், நூற்றிரண்டு. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு ஓடி வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இத்தன நாளா ஏம்மா சொல்லல? நாளைக்கே கிளினிக் போவோம்லா," என்றார்.

மறுநாள் சமையலை முடித்துவிட்டு அவரோடு கிளம்பினேன். டாக்டர் சின்ன வயது மலாய்க்காரப் பெண். முதலில் மலாயில் மூன்று சொற்களைச் சொன்னார்: குடை, மீன், கதவு. பிறகு கேட்பேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

மலாயில் நான் சண்டையே போடுவேன். ஆனால் ஒருநாளும் மலாயில் கணக்குப் போட்டதில்லை. தொண்ணூற்று மூன்று வந்தது, அதற்குப் பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டர் தாளில் ஏதோ எழுதினார். என் பெயருக்கு நேராக என்ன எழுதுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

"டாக்டர், தமிழ் பொலேகா?" என்று கேட்டேன். தமிழில் செய்யலாமா என்று.

தனக்குத் தமிழ் தெரியாதே, சரியா தவறா என்று எப்படிப் பார்ப்பது என்று அவர் சங்கடப்பட்டார். அப்போதுதான் விரல்களை நீட்டினேன். ஒரு விரல் ஓர் எண்; கூட்டிய விடையை நான் எழுதுவேன், நான் மடக்கிய விரல்களை நீங்கள் எண்ணி, அதை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள் என்று மலாயில் சொன்னேன். பிறகு தமிழில் முணுமுணுத்தபடி கூட்டினேன். பத்து விரலுக்கு நூறு. நிறுத்தவில்லை. மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கிப் பதினைந்தாவது எண்ணில் இருநூற்று இருபத்தைந்து என்று எழுதினேன். டாக்டர் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் வீட்டுக்காரர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"முதலில் நான் சொன்ன மூன்று சொற்கள்?" என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

குடை. கதவு. இரண்டு விரல்களை மடக்கினேன். மூன்றாவது விரல் நின்றுகொண்டே இருந்தது. அவசரமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். இதற்கு விடை சொல்ல எந்தப் பெருக்கலும் இல்லை.

இப்போதே எதையும் முடிவு செய்ய முடியாது, ரத்தம் சோதிக்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவரே கார் ஓட்ட, மம்பாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

வீட்டில் அவருக்குத் தட்டை வைத்துவிட்டுச் சட்டியைத் திறந்தேன். காலையில் நானே செதில் சீவி, நானே புளி கரைத்து வைத்த குழம்பு. மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"என்னம்மா?"

"மீனுங்க," என்றேன்.

"தெரியும்மா. ஊத்து," என்றார். என்னைப் பார்க்காமலே தட்டை என் பக்கம் நகர்த்தினார்.