செடியைப் பார்த்து வாங்கிய பங்கு

பங்கு வாங்கிக் கொடுக்கிற தொழிலில், வாங்கச் சொன்னது நாம் என்பதை ஊரே ஞாபகம் வைத்திருக்கும். விற்கச் சொன்னதை ஒருத்தரும் வைத்திருக்க மாட்டார்கள். போடிநாயக்கனூரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டரும் நாலு நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதே சோலியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சாம்பிள்

ஏலக்காய் வியாபாரி பாய் ஒருவர் முதன்முதலாக வந்தார். ஏல மையத்தில் காயைக் கையில் அள்ளி, நிறம் பார்த்து, ஒன்றை உரித்து மோந்து பார்த்த பிறகுதான் விலை கேட்கிறவர். அவரிடம் ஒரு விவசாயக் கம்பெனியின் பங்கைப் பற்றி அரை மணி நேரம் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினேன். கம்பெனி அச்சடித்து அனுப்பிய ஆண்டறிக்கையில் நம் மலையில் அவர்கள் வைத்திருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தின் படங்கள் பளபளவென்று இருந்தன. அதையும் புரட்டிக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து, சட்டையை உதறிக்கொண்டு சொன்னார்: "சாம்பிள் காட்டாம மொத்த லாட்டையும் வாங்கச் சொல்றீங்களே தம்பி, அது நமக்குச் சரிப்படாது."

தோட்டம் பார்த்தது

பாண்டியம்மா பக்கத்து ஊரான சிலமலைக்காரி. தினமும் ஜீப்பில் மலையேறி, அதே கம்பெனித் தோட்டத்தில் காய் பறிக்கிறவள். புருஷன் ஜீப்பு கவிழ்ந்து செத்ததில் வந்த பணத்தை மகளின் நர்சிங் படிப்புக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். படிப்பு முடிகிற வரைக்கும் அது பத்தாது, அந்தக் கம்பெனியிலேயே போட்டுப் பெருக்கணும் என்றாள்.

பாய் சொன்னது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, சாம்பிள் பார்த்துவிடுவோம் என்று நானும் அவளோடு ஜீப்பில் ஏறினேன். ஒவ்வொரு செடியின் தூரிலும் சரம் சரமாகக் காய். பிஞ்சையும் சேர்த்துப் பறித்துவிட்ட ஒரு பெண்ணைக் கங்காணி வைதுகொண்டிருந்தார். இவ்வளவு கறாரான கம்பெனி எப்படி நட்டப்படும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாண்டியம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நம்ம கைபட்ட செடிண்ணே, ஏமாத்தாது." மறுநாளே அவள் பணம் மொத்தத்துக்கும் அந்தப் பங்கை வாங்கிக் கொடுத்தேன்.

மூட்டை

மூணே மாசத்தில் பங்கு இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த அறிக்கையில் படமில்லாத பக்கங்களைப் படித்தேன். ஏலக்காய்த் தோட்டம் கம்பெனியில் ஒரு மூலைதான். முக்கால்வாசிப் பணம் வடக்கே எங்கேயோ ஒரு பழச்சாறு ஆலையில் முடங்கிக் கிடந்தது. ஆலை ஓடவில்லை.

பதறிப்போய் அவளைக் கூப்பிட்டு விற்றுவிடச் சொன்னேன். கேட்கவில்லை. ரேட்டு இறங்கினால் காயை மூட்டை கட்டி வைத்து, ஏறும்போது எடுப்பதுதானே இங்கே வழக்கம். நானும் அதே வழக்கத்தில் வளர்ந்தவன். அதட்டிச் சொல்ல வாய் வரவில்லை. அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்: "கெடக்கட்டும்ண்ணே, மூட்டை எங்க போயிரப்போகுது."

பிஞ்சு

ஆலையை மூடினார்கள். பங்கு செல்லாக்காசு ஆனது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு ஜீப்பில் ஏறுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் பாண்டியம்மா படியேறி வந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தேன். அவள் வையவே இல்லை. வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பழச்சாறு ஆலை கதையை முதலிலிருந்து சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள், ஆனால் கண்ணால் பார்க்காத ஆலையை அவளால் நம்ப முடியவில்லை. கதவு வரைக்கும் போனவள் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "போன சீசன்ல வெரசா முடிக்கணும்னு நாங்க பிஞ்சையும் சேத்துப் பறிச்சுட்டோம். அதனாலயாண்ணே வெல எறங்கிருச்சு?"

இப்போதெல்லாம் யார் பங்கு கேட்டு வந்தாலும் முதலில் படமில்லாத பக்கத்தைத்தான் விரிக்கிறேன்; நான் அதைக் கற்றுக்கொள்ள ஃபீஸ் கட்டியது பாண்டியம்மாவின் மகள்.