முருகைக்கல்லுக்குத் தீனி

மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தொட்டி எங்கள் முன் மண்டபத்தில் இருந்தது. அதில் கடல்நீரும், மீனவர்கள் கடலடிப் பவளப்பாறையிலிருந்து உயிரோடு பெயர்த்துத் தந்த முருகைக்கற்களும். வாப்பா மௌத்தான பிறகு, எனக்கு மூத்தவளான ராத்தாவைக் கட்டிய அவர் சொல்வதுதான் வீட்டில் சட்டம். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்த எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் தொட்டியில் ஒன்றும் சாகாமல் பார்த்தால் போகலாம் என்றார்.

தீனி கொடுக்க ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் வடிகட்டி மோட்டாரை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தீனியை அது உறிஞ்சிவிடும். அடுத்து தண்ணீரைச் சுழற்றும் மோட்டார். கடைசியாகக் காற்று மோட்டார். அரைத்த கூனி இறாலை ஊசியில்லாத சிரிஞ்சால் கல்லில் பூப்போல விரியும் ஒவ்வொரு சிறு வாயருகிலும் விடுவேன். விழுங்கி முடிந்ததும் காற்று முதலில், மற்றவை பிறகு. காற்று நின்றபடியே கிடந்தால் எல்லாம் மூச்சடைத்துச் சாகும்.

பெருநாளுக்கு முந்திய வாரம், இறந்த வாப்பாவுக்காக ஓதும் கத்தம். ஓத வந்தவர்கள் முற்றத்தில் செருப்பைக் கழற்றும்போது நான் தீனி கொடுத்து முடித்திருந்தேன். ஓதும் வீட்டில் எதுவும் இரையக்கூடாது. மோட்டார்களைப் போடாமல் விடச் சொன்னார் மச்சான். ஓதி முடிந்ததும் போடும்படி அவரிடம் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். ஆண்கள் இருக்கும் மண்டபத்துக்குக் கலியாணமாகாத குமர்ப்பிள்ளை வரமாட்டாள்.

ஓதி முடிந்தது. சாப்பாடும் முடிந்தது. மோட்டார் இரையவில்லை. ராத்தாவை அனுப்பினேன். அவள் திரும்பி வந்து பீங்கான்களை அடுக்கினாள்.

மெசின் ஓடாமல் இதுகள் இருக்குமா என்று மண்டபத்தில் யாரோ கேட்டார்.

"விடியக்குள்ள செத்துரும்," என்றார் மச்சான். "சாகட்டும். எங்கட மச்சிட கொழும்பு ஆசையும் அதோட சாகட்டும்."

சிரித்தார்கள். திரை இடுக்கால் பார்த்தேன். மிச்சத் தீனி முழுவதையும் அவர்களுக்கு வேடிக்கை காட்ட மச்சான் தொட்டியில் கொட்டினார். இறக்காமத்திலிருந்து வந்திருந்த சொந்தக்கார ஆண்கள் மண்டபத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள்.

அவர்கள் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன பிறகுதான் தொட்டியிடம் போனேன். தண்ணீர் பால்போல் கலங்கி நாறியது. கற்களிலிருந்து சதை நூல்நூலாக உரிந்து மிதந்தது. காற்று, சுழற்சி, வடிகட்டி என்று ஒழுங்குப்படியே போட்டேன். பள்ளியால் வந்த மச்சான் பின்னால் நின்றார்.

"ஒரு தொட்டியப் பார்க்கத் தெரியல்ல. கொழும்புல போய் என்னத்தப் புள்ள பார்க்கப் போற?"

"என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியும் மச்சான்."

"ஓம்," என்றார்.

செத்த கற்களைச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொடுத்தார். சூளைக்காரர் பதிலுக்குத் தந்த சுண்ணாம்பில் மண்டபத்துக்குப் பெருநாள் வெள்ளை அடித்தார்கள். எனக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்கள் அந்தச் சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். எழுந்து போகும்போது அவர்களின் முதுகெல்லாம் வெள்ளை.