காய்ச்சல் இல்லாதவர்களின் ரொட்டி

“உனக்கு உடம்புக்கு இன்னா?”

மிஷன் பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்து, நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவள் இப்படிக் கேட்பாள். அவள் கேட்காவிட்டால் அதற்கடுத்தவள் கேட்பாள். தூக்கில் ரொட்டி இருக்கும். அவர்களுக்குத் தெரிந்தவரை ரொட்டி என்பது காய்ச்சல்காரர்கள் பாலில் தோய்த்துத் தின்பது. எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், பிறகு எதற்கு ரொட்டி தின்கிறாய் என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் தின்கிறோம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பதில் என் அப்பாவிடம் இருந்தது. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் பெயர் துலுக்கானம். போன ஐப்பசியில் இறந்துவிட்டார். பட்டாளத்துக்குப் போய் வந்தவர், ஆவடியில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர் என்று இரண்டே வார்த்தையில் அவரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டேன். கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் அம்மாவோடு மாவு பிசைகிறேன், மத்தியானம் கடையில் நிற்கிறேன், இடையில் கிடைக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நைனா பிறந்தது நெமிலிச்சேரிச் சேரியில். தாத்தா பண்ணையாள். நைனாவும் சிறுவயது முதல் அதே பண்ணையில் மாடு ஓட்டினார். முதல் உலகச் சண்டை நடந்தபோது பூந்தமல்லியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பண்ணைக்காரரிடம் சொல்லாமலே போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். துப்பாக்கி கிடைக்கும் என்று நினைத்திருந்தாராம். அவரைப் பட்டாளத்துக்கு எடுபிடி வேலை செய்யும் கூலியாட்களோடு சேர்த்து, கப்பலில் மெசபடோமியாவின் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ரொட்டி போடும் இடத்தில் விறகு தள்ளும் வேலை. விறகு தள்ளியவர் பிறகு மாவு பிசைந்தார். திரும்பி வருவதற்குள் அடுப்புக்கே பொறுப்பாகிவிட்டார்.

அவர் முழங்கைக்குக் கீழே வரிவரியாக வடுக்கள் இருக்கும். தெருப் பிள்ளைகள் அவற்றைக் குண்டு பட்ட இடம் என்று சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் அடுப்பு வாயில் சுட்டுக்கொண்டவை. யார் கேட்டாலும் அவர் உண்மையைத்தான் சொல்வார். கேட்டவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

பஸ்ராவைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒன்றை மட்டும் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த முகாமில் நன்றாக நடமாடுகிறவனுக்குத்தான் ரொட்டி. நம் ஆட்களில் காய்ச்சலில் படுத்தவனுக்கு அரிசிக் கஞ்சி. காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் கதவு போல அகலமாக இருப்பார்களாம். ஊருக்குத் திரும்பினால் எல்லாம் தலைகீழ். நடமாடுகிறவன் கஞ்சி குடிக்கிறான், படுத்திருக்கிறவன் ரொட்டி தின்கிறான். இது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பட்டாளத்திலிருந்து வந்த பணத்தில் ஆவடி ரயில்வே கேட்டுக்கு அப்பால் கொஞ்சம் இடம் பிடித்தார். கடைத்தெருவுக்குள் சேரிக்காரருக்கு இடம் தர ஆள் இல்லை. அங்கே செங்கல்லும் களிமண்ணும் வைத்து, பஸ்ராவில் பார்த்தபடியே அடுப்பு கட்டினார். மாவு பட்டணத்திலிருந்து ரயிலில் வரும். அதைப் புளிக்க வைக்கப் பனங்கள் ஊற்றுவார். கள் கிடைக்காத காலத்தில் முதல் நாள் மாவில் ஒரு உருண்டையை எடுத்து வைத்துக்கொள்வார்.

ஒரு சேரிக்காரர் கையால் செய்ததை ஊரார் வாங்குவார்களா என்று அம்மா பயந்தாராம். வாங்கினார்கள். டாக்டர் எழுதிக்கொடுப்பதால் அது மருந்து, மருந்துக்குத் தீட்டு இல்லை என்று அவர்களே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கடைக்கு முன்னால் ஒரு பலகை போட்டிருக்கும். நைனா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் வைப்பார். அவர் கையை எடுத்த பிறகு அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கும்போதே யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொல்லாமல் போனால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களாம்.

ஆக, மழைக்காலத்தில் கடை நன்றாக நடக்கும், கோடையில் ஈ ஓட்டுவோம். ஊருக்குக் காய்ச்சல் வந்தால்தான் துலுக்கானத்துக்கு வயிறு நிறையும் என்று கேலி பேசினார்கள். நைனாவுக்கு இது முள்ளாகத் தைத்தது. பணம் வராததைவிட இதுதான். உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஊர்க்காரன் ஒருவனாவது கடை பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்ன வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகவே ஒரு பெஞ்சு செய்து வாசலில் போட்டார். பல வருஷம் அதில் கோழிதான் படுத்திருந்தது.

கிராம முன்சீப் எத்திராஜ் இந்தக் கடையை வேறு ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். ஊரில் தொத்துநோய் வந்தால் தாலுகா ஆபீசுக்கு எழுத வேண்டியது அவர் வேலை. வீடுவீடாகப் போய் விசாரிப்பதற்குப் பதிலாக அவர் எங்கள் கடையைக் கவனிப்பார். பலகையில் ரொட்டி நிற்காமல் போனால் ஊரில் காய்ச்சல் என்று எழுதிவிடுவார். அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

நாலு வருஷம் முன்பு, சித்திரை மாதத்தில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் பட்டணமே காலியானது உங்களுக்கு நினைவிருக்கும். வந்த ரயிலெல்லாம் கூரைவரை ஆட்கள். பூந்தமல்லிப் பக்கம், குத்தம்பாக்கம் பக்கம் போகிறவர்கள் ஆவடியில் இறங்கினார்கள். வண்டிகள் போதவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரங்களின் கீழ் மூட்டைகளோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் பசியில் அழுதன.

நைனா பட்டாளத்துக்காரர் போல நடந்துகொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருந்த மாவு மூட்டைகளையெல்லாம் பிரித்தார். அம்மாவையும் என்னையும் பிசையச் சொன்னார். விடியற்காலையிலிருந்து அடுப்பு அணையவில்லை. கூடை கூடையாக ரொட்டி புளியமரத்தடிக்குப் போனது. பட்டணத்துக்காரர்கள் யார் போட்டது என்று கேட்கவில்லை, தின்றார்கள். நாகம்மாள் என்ற ஒரு அம்மாள் மூன்று பிள்ளைகளோடு குத்தம்பாக்கத்தில் தாய்வீட்டுக்குப் போகக் காத்திருந்தார். அவர் பிள்ளைகள் தின்பதை நைனா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் தமுக்குச் சத்தம் கேட்டது. பட்டணத்து ஜனங்களோடு காலரா வந்திருக்கிறது, யாரும் அவர்களுக்கு வீட்டில் இடம் தரக் கூடாது, கிணற்றுப் பக்கம் விடக் கூடாது என்று வேம்புலி கூவிக்கொண்டு போனான். வேம்புலி எங்கள் சேரி ஆள். காலையில்தான் எங்கள் கடையில் பன்னு வாங்கித் தின்றிருந்தான். நைனா அவனை நிறுத்தி, யாருக்குக் காலரா என்று கேட்டார்.

“எனுக்கு இன்னா தெரியும் மாமே? முன்சீப் அய்யா அடிக்கச் சொன்னாரு, அடிச்சிகினு போறேன்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “காலீலேர்ந்து கூடை கூடையா ரொட்டி போவுதாம். இத்தினி ரொட்டி போனா எத்தினி பேர் படுத்துகினு இருப்பான்னு கேக்கறாரு.”



அதற்குள் ஊர்க் கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. சாப்பாட்டுக் கடைக்காரர் பலகை வைத்து அடைத்துவிட்டார். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டினார்கள். கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன நாகம்மாள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார். சித்திரை வெயில். பிள்ளைகள் ரொட்டி தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். எங்கள் கடையில் இருந்த இரண்டு பானைத் தண்ணீரும் ஒரு நொடியில் தீர்ந்தது. சேரியிலிருந்து அம்மாவும் நானும் சுமந்து வந்ததும் போதவில்லை.

“என் ரொட்டியாலதானே இவங்களுக்குத் தண்ணி இல்லாம பூட்ச்சி” என்று நைனா அம்மாவிடம் சொன்னார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கடைசியாக வெந்த கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போனார். முன்சீப் அங்கே மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார். வண்டிக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

நைனா யாருக்கும் நோய் இல்லை என்றார். முன்சீப் நம்பவில்லை.

“பொய் சொல்லாதடா துலுக்கானம். உன் கடை எனக்கு இன்னிக்கு நேத்தா தெரியும்? எத்தினி பேர் படுத்துகினு கீறான், அத்த சொல்லு.”

“யாரும் படுக்கல சார். பசிச்சிது, தின்னாங்கோ.”

நைனா யாரையும் சாமி என்று கூப்பிடமாட்டார். சார் என்பது பட்டாளத்தில் வந்த பழக்கம். முன்சீப்புக்கு அது எப்போதும் பிடிக்காது. அன்று அறவே பிடிக்கவில்லை. பசிக்கிறவன் சோறு தின்பான், ரொட்டி எதற்குத் தின்கிறான் என்று கேட்டார். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நைனா கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்துத் தின்று காட்டினார். அது யாருக்கும் சாட்சியாகப் படவில்லை. கடைக்காரன் தன் சரக்கைத் தின்பான் என்றார்கள்.

வண்டிக்காரர்களில் கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். ஊர்க்காரர். நெல் மூட்டையை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுவார். பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடப் படுத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். காலையிலிருந்து பூந்தமல்லிக்கும் ஆவடிக்குமாக வண்டி அடித்திருந்தார். சாப்பிடலாம் என்று வந்தபோது சாப்பாட்டுக் கடை அடைத்துக் கிடந்தது. அவர் முன்சீப்பைப் பார்க்கவில்லை. கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெந்த ரொட்டி, வாசனை வந்துகொண்டிருந்தது.

“அண்ணாத்தே, உடம்பு நல்லா கீறவன் இத்த தின்னா இன்னா ஆவும்?” என்று கேட்டார்.

“பசி பூடும்” என்றார் நைனா.

கன்னியப்பன் கையை நீட்டினார். பலகை அங்கே இல்லை. நைனா ரொட்டியை அவர் கையிலேயே கொடுத்தார். எல்லாரும் பார்க்க, நின்றபடியே அவர் அதைத் தின்றார். தின்று முடித்து இன்னொன்று கேட்டார். அதையும் தின்றார்.

“இன்னா அண்ணாத்தே, இத்தினி வருசமா இத்த நோயாளிங்களுக்குக் குடுத்தா வீணாக்கினே?” என்றார்.

முதலில் யாரோ ஒருவர்தான் சிரித்தார். பிறகு வண்டிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களும் காலையிலிருந்து பட்டினி. கூடை காலியானது. கன்னியப்பன் வண்டியைப் பூட்டி, நாகம்மாளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு குத்தம்பாக்கத்துக்குக் கிளம்பினார். மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. ரொட்டி தின்றவர்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது காலரா என்று எப்படிச் சொல்வது? முன்சீப் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் வேம்புலி மறுபடி தமுக்கடித்தான். காலரா இல்லை, தண்ணீர் கொடுக்கலாம்.

அதன் பிறகு ஊர் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. பலகை இன்னும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இன்னும் நோயாளியின் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஆனால் வண்டிக்காரர்கள் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். கோழிக்கு இடம் போயிற்று. முன்சீப்பும் ஒரு மாதிரி மாறினார். மழைக்காலத்தில் வந்து, தூரத்தில் நின்று, “இன்னிக்குப் போனது காய்ச்சல் ரொட்டியா, பசி ரொட்டியா?” என்று விசாரிப்பார். நைனா பிரித்துச் சொல்வார். அதை வைத்துத்தான் முன்சீப் மேலே எழுதினார்.

போன வருஷம் மழை ஆரம்பித்ததும் நைனாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ரொட்டியும் பாலும் கொடுங்கள் என்று சொன்னார். ரொட்டிக்காரர் வீட்டிலேயே வந்து இதைச் சொல்கிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. அம்மா புதிதாக வெந்த ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொண்டுபோனார். நைனா வாயைத் திறக்கவில்லை. தட்டைக் கையால் தள்ளினார்.

“கெங்கு, கஞ்சி குடு. உடம்பு சரியானப்பறம் ரொட்டி தின்றேன்” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா அழுதார், கோபப்பட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். நானும் கெஞ்சினேன். அவர் கஞ்சிதான் குடித்தார். உடம்பு சரியாகவில்லை. அவர் வாயில் ரொட்டி படாமலே போய்விட்டார்.

காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்று காலை முதலில் வந்தவர் கன்னியப்பன். பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி கேட்டார். கொடுத்ததைத் தின்றுகொண்டிருந்தார். ரோட்டில் போன ஒருவர், வெளியூர்க்காரராக இருக்கும், அவரைப் பார்த்துவிட்டு நின்று கேட்டார்.

“இன்னா மாமே, உடம்புக்கு இன்னா?”

“ஒண்ணியும் இல்ல. நல்லா கீறேன். அதான் தின்றேன்” என்றார் கன்னியப்பன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தப் பதில் தெரியாமல் போயிற்று. இப்போது தெரியும்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எங்கேயாவது நல்ல உடம்போடு ரொட்டி தின்னும்போது யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்டால், ஆவடியில் துலுக்கானம் என்று ஒருவர் இருந்ததை அவருக்குச் சொல்லுங்கள். கேட்டவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

து. பேபி
ஆவடி, 1946