கரைப் பக்கத்து ஜன்னல்

தெருவில் அவருக்குப் பெயரே கப்பல்காரர்தான். கேப்டன் கீப்டன் என்று நினைத்துவிட வேண்டாம். பயணிகள் கப்பலில் காலமெல்லாம் படுக்கை விரிப்பு துவைத்தவர். அந்தக் கப்பலை உடைத்து இரும்பாக விற்று எத்தனையோ வருஷமாயிற்று. அவர் வாயில் மட்டும் அது இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"அப்பல்லாம் மனுஷன் ஊருக்குப் போகணும்னு கப்பல் ஏறினான். இப்ப எங்க போறான்? ஏறின இடத்துலயே வந்து இறங்குறான்! நடுவுல தின்னுட்டுத் தூங்குறான், குளத்துல குளிக்கிறான். சுத்தி இவ்ளோ கடல் கிடக்கு, கப்பலுக்குள்ள எதுக்குய்யா குளம்?"

கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது. "அந்தக் கப்பலைக் கழுவுற சம்பளத்துலதான் நம்ம அடுப்பு எரியுது. ஞாபகம் இருக்கட்டும்" என்று ஒரே போடாகப் போடுவாள்.

உண்மைதான். அவர்களுடைய ஒரே மகள் அப்படியொரு உல்லாசக் கப்பலில்தான் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு, பால்குடி மறக்காத குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள். அவள் போகும்போது தவழக்கூடத் தெரியாத குழந்தை இப்போது வீடு முழுக்க ஓடுகிறது.

அந்தக் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு ஒரே ஒரு நாள் வருவதாக இருந்தது. கரையிறங்க அனுமதி கிடைத்தவர்களில் மகள் இல்லை. வேலைக்கு நடுவே அரைமணி நேரம் ஓய்வு, அவ்வளவுதான். "தினம் போன்லதான் பாக்கிறியேம்மா" என்றால் அழுதுவிடுவாள். "போன்ல பாக்கறதும் ஒரு பார்வையாப்பா? ஜன்னல் வழியாவாவது பாப்பாவைக் கண்ணால ஒரு தடவை பாத்துட்டா போதும்."

ஊழியர்கள் தளத்தில் வெளியே பார்க்க இரண்டே இடம். இடப்பக்கம் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல், வலப்பக்கம் படிக்கட்டு ஜன்னல். எங்கே நிற்கப்போகிறாள் என்பதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். "எந்தப் பக்கம்பா கரை வரும்?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கப்பல்காரராயிற்றே, சொல்வாரா? "இடப்பக்கம்தான். இதுல என்னம்மா சந்தேகம்?" என்றார். அவர் வேலை பார்த்த கப்பலில் ஏணி இறக்கும் கதவு இடப்பக்கம் மட்டும்தான் இருந்தது. இழுவைப் படகுகள் எப்போதும் அந்தப் பக்கத்தைத்தான் கரையோடு சேர்க்கும். சலவை அறையின் வட்ட ஜன்னலும் அதே பக்கம். திருகாணியைக் கழற்றித் திறந்தால் கரையில் நிற்பவர்களோடு பேசலாம். இதே மகளைக் கைக்குழந்தையாக மனைவி தூக்கிக் காட்ட, அந்த ஜன்னலில் தலையை நீட்டிக் கொஞ்சியவர் அவர்.

"அது உங்க கப்பல். இது வேற. யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"நான் பாக்காத துறைமுகமா? எனக்கே சொல்ல வந்துட்டா!" அவருக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில்.

அன்று காலையிலேயே இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகக் கம்பிவேலி ஓரம் இடம் பிடித்துவிட்டார்கள். கப்பல் வந்தது. அம்மாடி, அது கப்பலா? அடுக்குமாடிக் குடியிருப்பை அடியோடு பெயர்த்துக் கடலில் விட்ட மாதிரி இருந்தது. இழுவைப் படகு ஒன்றுகூடக் கிட்டே போகவில்லை. துறைமுகத்தின் நடுவே வந்து நின்றது. சந்துக்குள் ஆட்டோவைத் திருப்புகிற மாதிரி நின்ற இடத்திலேயே தானாகச் சுழன்றது. அப்படியே பின்னால் நகர்ந்து வந்து, வலப்பக்கத்தைக் கரையோடு சேர்த்துக்கொண்டது.

அவர் போனை எடுத்துவிட்டு மறுபடியும் பைக்குள் போட்டார். வேலை நேரத்தில் மகள் போனைத் தொட முடியாது. அவளாகக் கூப்பிடும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மனைவி அவர் பக்கம் திரும்பாமல் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன் வந்தது. இரும்புச் சுவருக்குள்ளிருந்து குரல் மட்டும்தான் விட்டுவிட்டு வந்தது. "அப்பா, ஜன்னல்கிட்ட நிக்கிறேன். நீங்க எங்க இருக்கீங்க? எனக்குக் கடல்தான் தெரியுது."

"வலப்பக்கம் ஓடி வாம்மா! அந்தப் படிக்கட்டுக்கு வா!"

"அந்த வழியாத்தான் பயணிங்க இறங்குறாங்கப்பா. அவங்க போய் முடியற வரைக்கும் எங்களை விடமாட்டாங்க. கடலைப் பாத்ததுமே போய்க் கெஞ்சிப் பாத்துட்டேன். திட்டு வாங்கினதுதான் மிச்சம்."

அவர் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல் காவலாளியிடம் ஓடினார். "தம்பி, ஒரு படகு பிடிச்சு அந்தப் பக்கம் போயிடறேன். எம் பொண்ணு உள்ள இருக்கா. இது அவ குழந்தை."

"கப்பல் பக்கத்துல படகு போகவே கூடாது பெரியவரே."

"தூரத்துல நின்னு காட்டிட்டு வந்துடறேன்யா."

"என் கையில ஒண்ணுமே இல்லீங்க. இருந்தா செய்யமாட்டேனா?" காவலாளி பொல்லாதவன் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

குழந்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? காவலாளியின் கழுத்தில் தொங்கிய விசிலை எட்டிப் பிடித்து இழுத்தது. அவன் அதை ஊதிக் காட்ட, கைகொட்டிச் சிரித்தது. பயணிகள் வெயில் கண்ணாடியும் தொப்பியுமாக அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த வரிசை முடிவதாகவே தெரியவில்லை.

"நேரமாயிடுச்சுப்பா, கூப்பிடுறாங்க" என்றாள் மகள் போனில்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன். இடப்பக்கம்னு சொன்னது நான்தானே?"

"விடுங்கப்பா. உங்களுக்கு என்ன தெரியும்?" அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். கப்பல்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அவளே மெல்லக் கேட்டாள். "அப்பா, பாப்பா என்னைத் தேடுறாளா?"

குழந்தை விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"தேடுறாம்மா. கப்பலையேதான் பாத்துக்கிட்டு இருக்கா" என்றார். சொன்னது பொய்யாகப் போய்விடக் கூடாதே என்று குழந்தையின் முகத்தைக் கப்பல் பக்கம் திருப்பினார். அது சிணுங்கிக்கொண்டு மறுபடியும் விசிலுக்கே கையை நீட்டியது.