எல்லாரும் முனிரத்தினம்

1. சேர்ந்த நாள்

திருப்பதியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி மோகன் சார் ஒரு லேப்டாப்பையும் ஒரு பென்டிரைவையும் காட்டினார். காட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். லேப்டாப் மேசைக்காலோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

"மொதல்ல ஒரு யூசர் கிரியேட் பண்ணும்மா. பேரு முனிரத்தினம்."

"சார், என் பேரு கலாவதி."

"அது எனக்குத் தெரியாதா? இன்டர்வியூ பண்ணதே நான்தானே. முனிரத்தினம்னு வை. ஸ்பெல்லிங் சுவத்துல ஒட்டிக்கீது பாரு."

சுவரில் உண்மையாகவே ஒட்டியிருந்தது. munirathnam. எல்லாம் சின்ன எழுத்து. அதற்குக் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். ஆயுத பூஜையன்று வைத்ததாம், யாரும் துடைக்கவில்லை.

பக்கத்து மேசையில் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் செல்வம் இருந்தார். அவர் லேப்டாப்பைத் திறந்தார். 'வெல்கம் முனிரத்தினம்' என்றது. எதிர் மேசையில் ஒருவர் திறந்தார். அங்கேயும் அதேதான்.

"அவரும் முனிரத்தினமா?" என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் முனிரத்தினம்தான்" என்றார் செல்வம். "நெஜ முனிரத்தினம் பெங்களூர் போயி ரொம்ப நாளாச்சு."

2. பேர் வெட்டிய பாத்திரம்

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புராஜெக்ட் ஆரம்பித்தால் அதற்கென்று ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போடுவோம். அந்தப் புராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த புரோகிராம் துண்டுகள், எல்லாம் அந்த ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். தனிக் குடித்தனம் வைத்துச் சட்டி பானை வாங்கிக் கொடுப்பது மாதிரி. ஆனால் அது எந்த வீட்டில் போடப்பட்டதோ அந்த வீட்டு விலாசத்தை உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும். கல்யாணப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறோமே, அதுபோல. வேறு கம்ப்யூட்டருக்குத் தூக்கிப் போனால், "C:\Users\munirathnam என்கிற இடத்தில் பைத்தானைக் காணோம்" என்று அழும்.

இதற்கு மருந்து, போன இடத்தில் புதிதாகப் போட்டுக்கொள்வது. எங்கள் ஆபீஸ் கண்டுபிடித்த மருந்து, போகிற இடத்தையெல்லாம் முனிரத்தினத்தின் வீடாக மாற்றிவிடுவது. பென்டிரைவில் மொத்த ஃபோல்டரையும் வைத்து ஈயடிச்சான் காப்பி அடித்தார்கள். வேண்டிய லைப்ரரிகளை எழுதி வைக்கும் requirements.txt கிடையாது. கேட்டதற்கு மோகன் சார், "ஓடுற வண்டிக்கு எதுக்கும்மா ஜாதகம்?" என்றார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரிக்கிற நிலையில் நான் இல்லை. நகரியில் எங்கள் வீட்டோடு ஒட்டி பவர்லூம் ஷெட். விடிந்தால் அடைந்தால் தடதடவென்று அதே சத்தம். "போயிட்டு வாமே. வேலை நெலைக்கலன்னா ஷெட்டு எங்கயும் ஓடிப்பூடாது, வந்து கணக்கு எழுது" என்று நைனா சொல்லியிருந்தார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது மிரட்டலாகவே கேட்டது.

3. மாங்காய் சீசன்

எங்களுக்குச் சோறு போட்ட ஒரே பெரிய கஸ்டமர் சித்தூர் பக்கம் இருந்த ஒரு மாங்காய்க் கூழ் ஃபேக்டரி. தோதாபுரி சீசன் வந்தால் டிராக்டர்கள் ரோடு முழுக்க வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றும் வேபிரிட்ஜில் ஏறி எடை போட்டு உள்ளே போக வேண்டும். எடையை வாங்கிச் சீட்டு அடித்துக் கொடுப்பது எங்கள் சாஃப்ட்வேர்.

சீசன் தொடங்கும் நேரத்தில் அவர்கள் எடை காட்டும் மெஷினையும் கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டார்கள். புது மெஷின் எடையை வேறு மாதிரி அனுப்பியது. புரோகிராமைத் திருத்தி ஓட்டிப் பார்க்க யாராவது நேரில் போக வேண்டும். செல்வத்துக்கு வைரல் ஜுரம். மோகன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சரே, நீயே போயிட்டு வா. பென்டிரைவ் எட்துக்கோ."

"லேப்டாப்?"

"அது ஆபீஸ் சொத்தும்மா." சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் கஸ்டமர் கைய விட்டுப் போனா நானும் ஆளைக் கொறைக்கணும். கடைசியா வந்தவங்கதான் மொதல்ல போகணும். நான் சொல்றது புரியுதில்ல?" என்றார்.

நன்றாகவே புரிந்தது. பஸ் பாகாலாவைத் தாண்டும்போது என் காதில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது.

4. கேட்டுக்குள் வராத பேர்

ஃபேக்டரி மேனேஜர் வேலாயுதம் நல்ல மனுஷன் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் முகத்தில் அது எழுதியிருக்கவில்லை. வெளியே டிராக்டர்கள் நின்றன. எடையைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை விட்டு, "சார், காய் பழமாகி ஜூஸா ஊத்துது, நீங்க மெஷின்ல போட்டு அரைக்கவே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து புது யூசர் பேரை அடிக்க ஆரம்பித்தேன். 'munira' வரைக்கும் வந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"நிறுத்து! இன்னா பேர் அது?"

"சார், முனிரத்தினம்னு யூசர் வச்சாதான்..."

"அந்த ஆளு பேரு இந்த கேட்டுக்குள்ளயே வரக்கூடாதும்மா. ஒவ்வொரு சீசனும் மெஷின் நிக்கும்போதெல்லாம் ஸ்கிரீன்ல அவன் பேருதான் வருது. முனிரத்தினம், முனிரத்தினம்னு செவப்பா வந்துகினே கீது. எத்தினி தபா உங்க ஓனருக்கு போன் போட்டு அவனை அனுப்புன்னு கேட்டேன்! மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல, லீவுன்றாரு. ஒரு மனுஷனுக்கு எத்தினி மாமியாரு?"

விஷயம் இதுதான். சாஃப்ட்வேரில் எந்த எர்ரர் வந்தாலும் கூடவே ஃபைல் இருக்கும் விலாசம் வரும், விலாசத்தில் முனிரத்தினம் இருப்பார். செல்வம் செய்த தப்பு, மழையில் கேபிள் நனைந்தது, எல்லாம் அந்தப் புண்ணியவான் தலையில்தான் விழுந்திருக்கிறது. யூசர் இல்லாமல் அந்தப் பேரில் வெறும் ஃபோல்டர் செய்துகூட ஏமாற்றப் பார்த்திருப்பேன். வேலாயுதம் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. முதல்முறையாக எங்கள் ஆபீஸைச் சேர்ந்த ஒருவர் அந்தப் புராஜெக்டுக்கு ஒழுங்காக என்விரான்மென்ட் போட வேண்டிய நாள் வந்துவிட்டது.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பதிலேயே புதிய பைத்தானை இறக்கினேன். புது என்விரான்மென்ட் போட்டேன். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் இருந்த இம்போர்ட் வரிகளைப் பார்த்து, லைப்ரரிகளைப் பழைய வெர்ஷனிலேயே ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்தேன். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. பழைய லைப்ரரிக்குப் புதிய பைத்தான் ஒத்துவரவில்லை. சிவப்பைப் பார்த்ததும் வேலாயுதம் சார் அதில் முனிரத்தினத்தைத் தேடினார். இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் இருந்தது.

மோகன் சாருக்கு போன் செய்தேன். அவர் ஒரு நம்பரை அனுப்பி வைத்தார். எடுத்தது சாட்சாத் முனிரத்தினம்.

மெதுவாக, வேலாயுதம் சாருக்குக் கேட்காதபடி விஷயத்தைச் சொன்னேன்.

"அது இன்னும் ஓடிக்கினு கீதா?"

"ஓடல, அதான் போன் பண்றேன்."

"அய்யோ, சும்மா டெமோ காட்ட எழுதினதும்மா அது! பைத்தான் மூணு புள்ளி ஆறு போடு. அப்புறம் எடை வாங்க சீரியல்னு கோட்ல இருக்கும், அந்தப் பேரையே போட்டு இன்ஸ்டால் பண்ணாத, அது வேற லைப்ரரி. பைசீரியல் போடு. நான் அதுல மாட்டிக்கினு அழுதிருக்கேன்."

"யாரும்மா போன்ல?" என்றார் வேலாயுதம் சார்.

"ஃப்ரெண்டு, சார்."

"நல்ல ஃப்ரெண்டா கீறாரு. அந்த முனிரத்தினம் மாதிரி இல்ல."

போனில் அந்தப் பக்கம் இது கேட்டிருக்க வேண்டும். "இன்னாத்துக்கு என்னைத் திட்றாரு?" என்று பரிதாபமாக ஒரு குரல் வந்தது. நான் வைத்துவிட்டேன்.

பழைய பைத்தானை இறக்கிப் போட்டேன். என்விரான்மென்டை அழித்து மறுபடி போட்டேன். லைப்ரரிகள் இந்த முறை சமர்த்தாக உட்கார்ந்தன. புது மெஷினிலிருந்து எடை வரும் விதத்தைப் பார்த்துப் புரோகிராமைத் திருத்தினேன். முதல் டிராக்டர் ஏறியது. எடை ஸ்கிரீனில் வந்து நின்றது. பிரிண்டர் சீட்டைத் துப்பியது. ஜன்னலில் தலையை விட்ட அதே டிரைவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பழத்துக்குப் பழம் ரேட்டு போடுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. பெருமையில் வந்த அழுகை, மறைக்கவில்லை.

வேலாயுதம் சார் மாங்காய் ஒன்றை வெட்டி உப்பும் காரமும் தடவிக் கொடுத்தார். "துன்னும்மா மொதல்ல" என்றார். பிறகு என் எதிரிலேயே மோகன் சாருக்கு போன் போட்டார். "இந்தப் பொண்ணு கெட்டிக்காரி. அந்த முனிரத்தினத்தை இன்னும் ஏன் வச்சிக்கினு கீறீங்க? வேலைய விட்டுத் தூக்குங்க."

மோகன் சாரின் பதில் எனக்கும் தெளிவாகக் கேட்டது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"தூக்கிட்டேன் சார். அவன் எடத்துலதான் கலாவதிய வச்சிக்கீறேன்."

எப்போதோ பெங்களூர் போய்விட்ட ஆளை வேலையிலிருந்து நீக்கி, அந்தக் காலியிடத்தில் என்னை நிரந்தரமாக்கினார்கள். இரவு வீட்டுக்கு போன் செய்து வேலை நிலைத்துவிட்டது என்றேன். நைனா தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "அப்போ கணக்கு எழுத வேற ஆள் பாக்கணுமா?"

5. கற்றது

மறுநாளே என் லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். எந்தப் பைத்தான், எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று requirements.txt எழுதினேன். என்ன கமாண்ட் அடிக்க வேண்டும் என்று படிப்படியாக ஒரு குறிப்பும் எழுதினேன். சுவரிலிருந்த பேரை நானே கிழித்தேன். குங்குமம் சுவரிலேயே நின்றுவிட்டது.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உன் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்பது ஒரு பெருமையே இல்லை. உன்னைத் தெரியாத ஒருவர், நீ பக்கத்தில் இல்லாதபோது, தன் சொந்தப் பேரில் அதை ஓட்ட முடிய வேண்டும். இதை நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், கையும் தட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். என் குறிப்பைக் கையில் கொடுத்து, நீயே போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே பூரிப்பு.

"ஒண்ணும் கஷ்டமா இல்லியே?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நோட்ல இருந்த மாதிரியே C டிரைவ்ல யூசர்ஸ், அதுக்குள்ள கலாவதின்னு யூசர் வச்சிட்டேன். செல்வம் சார் சொன்னாரு, இங்க எல்லாரும் கலாவதிதானாம்."