நீரழுத்தம் பற்றிய ஒரு திருத்தம்

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை எழுதுவது பல காலமாக என் பொறுப்பு. கல்லூரியில் பௌதிகவியல் படிப்பித்து உப அதிபராக ஓய்வுபெற்ற நான் இருக்கையில், எங்கள் ஊரான அரியாலையில் வேறொருவரிடம் அதைக் கேட்கமாட்டார்கள். இம்முறை, ஆழத்துப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையைப் பற்றி எழுதினேன். மூத்த மகளின் கணவர் கனடாவில் அதே தொழிலில் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மருமகனிடம் கேட்டு எழுதினார் என்ற பேச்சு எனக்கு ஒவ்வாது. ஆகவே கேட்கவில்லை.

மலரின் தாள்கள் அச்சாகிவிட்டன என்று செய்தி வந்த மறுநாட் காலை, விடுமுறையில் வந்திருந்த மருமகன் என் மேசையிலிருந்த கட்டுரைப் பிரதியை எடுத்து வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

“மாமா, உது வெளியிலை போயிட்டுதோ?”

“அச்சிலை ஏறிட்டுது. ஏன்?”

“இல்லை... வெடி வைச்சுப் பாறையைச் சிதறடிக்கினம் எண்டு போட்டிருக்கிறியள். உப்பிடிச் செய்தால் எங்கடை முதலாளி முதலிலை எனக்குத்தான் வெடி வைப்பார்.”

நான் சிரிக்கவில்லை. அத்தவறு எங்கிருந்து வந்ததென்று அக்கணமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பகுதியில் கிணறு வெட்டும்போது சில அடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அதில் துளையிட்டு, வெடிமருந்து இறுக்கி, திரியைக் கொளுத்திவிட்டு எல்லோரும் விலகிநிற்பார்கள். வெடித்தபின் இறங்கிப் பார்த்தால் பிளவுகளில் நீர் கசியும். என் தகப்பனாரின் தோட்டக் கிணறும் அவ்வாறே ஆழமாக்கப்பட்டது. கனடாவில் நடப்பதும் அதுவே, ஆழம்தான் கூட என்று ஐயமின்றி எழுதியிருந்தேன்.

மருமகன் பொறுமையாக விளக்கினார். குழாய் முதலில் செங்குத்தாக இறங்கும். வாயு உள்ள பாறைப் படையை அடைந்ததும் பக்கவாட்டில் திரும்பி, அதனுள்ளேயே நெடுந்தூரம் செல்லும். உருக்குக் குழாயைச் சுற்றிச் சீமெந்து இறுகியிருக்கும். சிறு வெடிகள் உண்டு. ஆனால் அவை குழாயிலும் சீமெந்திலும் துளையிட்டு, பாறையைச் சற்றுத் துளைப்பதோடு சரி. பின்னர் மேலிருந்து பம்பிகள், பாறை தாங்கமுடியாத அழுத்தத்தில் நீரை அத்துளைகளூடாகத் தள்ளும். பாறையைப் பிளப்பது அந்த நீரே.

“எங்கடை சுண்ணாம்புக்கல்லிலை தண்ணி போக வழி ஏற்கெனவே இருக்கு, மாமா. அந்தப் பாறைக்குள்ளை வாயு இருக்கும், வர வழி இராது. வழியை நாங்கள்தான் திறக்கோணும்.”

“பம்பியை நிப்பாட்டினால் பிளவு மூடாதோ?” என் வாயிலிருந்து கேள்வி தானாகவே வந்துவிட்டது.

“அதுக்குத்தான் மணல். தண்ணியோடை மணலும் கொஞ்ச இரசாயனங்களும் கலந்து விடுவம். தண்ணியிலை ஒரு பங்கு திரும்பி வரும். மணல் உள்ளுக்கை நிண்டு பிளவை மூட விடாது. அந்த இடுக்காலைதான் வாயு வரும்.”

என் கட்டுரையில் மணல் என்ற சொல்லே இல்லை.

அவர் எழுந்து சென்றபின், பத்திரிகையின் ஒரே பந்தியை நான்கு தடவை வாசித்தேன். வாசற் படலைவரை சென்று திரும்பினேன். தேநீர் ஆறியது. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, கதிரையிலை முள்ளே? ஒண்டில் இருங்கோ, இல்லாட்டிப் போய் உதை மாத்திப்போட்டு வாங்கோ.”

அழுத்திய சட்டையை அணிந்து, சைக்கிளில் நல்லூரிலுள்ள அச்சகத்துக்குப் புறப்பட்டேன். ரியூசன் நிலையமொன்றின் வாசலில் பழைய மாணவரொருவர் வணக்கம் சொன்னார். அவர் புன்னகைத்தது வழமையான மரியாதையாலா, கட்டுரையை எப்படியோ பார்த்துவிட்டதாலா என்று அச்சகம் வரைக்கும் யோசித்தேன்.

தாள்கள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. கட்டுவது அடுத்த நாள். ஒரு அரைத்தாளை உள்ளே வைக்க இடமிருந்தது. என் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகக் கணினியில் தட்டச்சிடும் பெண்ணிடம், வீட்டில் எழுதிவந்த திருத்தத்தைக் கொடுத்தேன். ‘அச்சுப்பிழை திருத்தம்’ என்று தலைப்பிட்டிருந்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“சேர், நீங்கள் எழுதித் தந்ததைத்தானே நான் அடிச்சனான்?”

“உப்பிடிப் போடுறது ஒரு வழக்கம், பிள்ளை.”

“வழக்கம் சரி சேர். வாசிகசாலைச் செயலாளர் என்னையெல்லே கேப்பார்? போன மலரிலை ஆரோ ஒருத்தற்றை பட்டத்தை விட்டிட்டன் எண்டு ஒரு மாசம் வாங்கிக் கட்டினனான். தண்ணியை வெடியா மாத்திறதுக்கு எனக்கென்ன விசரே?”

உள்ளே யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. தாளைத் திருப்பி வாங்கினேன். நாற்காலி காட்டினார், நான் அமரவில்லை. மலர் ஊரெங்கும் போகும், வெளிநாடுகளுக்கும் போகும். அதில் என் பெயருக்கு நேரே என்ன இருக்கவேண்டும் என்று நின்றபடியே எண்ணினேன். ஈற்றில் தலைப்பை வெட்டி, ‘கட்டுரையாசிரியரின் தவறு’ என்று மேலே எழுதிக் கொடுத்தேன்.

“பெயருக்குப் பின்னாலை பட்டத்தையும் போடவோ, சேர்?”

“போடு.”

அவர் தட்டச்சிடத் தொடங்கினார். மணலைப் பற்றிய வரியில் கை நின்றது.

“சேர், அவ்வளவு பாறை மேலையிருந்து அமத்தேக்கை, மணல் நொறுங்கி மாவாய்ப் போகாதோ?”

மணலின் வன்மையைப் பற்றி ஒரு விடை நாவில் தயாராக நின்றது. வகுப்பில் அத்தகைய விடைகளுக்கு எனக்கு ஒருபோதும் தட்டுப்பாடு இருந்ததில்லை. அது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வெடியும் அப்படித்தான் என் நாவுக்கு வந்தது. கைத்தொலைபேசியை எடுத்தேன். அப்பெண் கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே சிரித்தவரும் வாசலுக்கு வந்துவிட்டார்.

“மருமகன், இஞ்சை அச்சகத்திலை ஒரு கேள்வி வந்திருக்கு. எனக்கு விடை தெரியாது.”



“நல்ல கேள்வி, மாமா. சில மணல் நொறுங்கும், சிலது தாங்கும். ஆழத்தைப் பாத்துத்தான் தெரிஞ்செடுக்கிறது. எழுத வேணுமெண்டால் ஒரு தாள் எடுங்கோ, ஆறுதலா ஒவ்வொண்டாச் சொல்லுறன்.”

அப்பெண்ணிடம் பேனையை வாங்கிக்கொண்டு, அப்போதுதான் நாற்காலியில் அமர்ந்தேன்.