அக்கா கணவரை அழைத்து வந்தவர்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைத் தெருவில் நாங்கள் நடத்திய புற்றுநோய்ப் பரிசோதனை முகாமில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நெடிய உருவம், நகக்கண்களில் வெள்ளை மண். பேசுவதற்கு முன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

தன் அக்கா கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். மார்பில் கட்டியோடு முந்தைய முகாமுக்குக் கிளம்பிய அக்காவை, மானம் போய்விடும் என்று தடுத்தவர் அந்தக் கணவர்தான். அக்கா இறந்துவிட்டாள்.

“வாயத் தொறங்க மாமா. எங்கக்காவ போவாதன்னு சொன்ன வாயிதான? டாக்டரு பாக்கட்டும்” என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

புகையிலை அடக்கும் கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருந்தது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது.

“சீக்கிரமே பாத்துட்டோம், பொழச்சிக்குவாரு” என்று அந்தப் பெண்ணிடம் ஆறுதலாகச் சொன்னேன்.

“பொழைக்கணும் சிஸ்டர். நூறு வயசு இருக்கணும். அன்னிக்கி வுட்டிருந்தா அவளும் பொழச்சிருப்பான்னு தெனமும் நெனச்சி நெனச்சி வேவணும்.”

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எங்கள் வார்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் அந்தப் பெண்தான். ஒவ்வொரு கரண்டிக்கும் அக்காவின் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் அழுதுகொண்டே விழுங்கினார். தடுக்கத்தான் போனேன். ஏனோ கதவருகிலேயே நின்றுவிட்டேன்.